டி டிரைவுக்கு நான் வைத்த பெயர்

ஆணாகப் பிறந்தவன் வாழ்நாளில் ஒரு தடவையாவது, மனைவி 'வேண்டாம்' என்று சொன்ன காரியத்தைச் செய்து காட்ட வேண்டும். நான் செய்து காட்டினேன். 1997, ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் காரியமும் முடிந்தது, நானும் முடிந்தேன்.

என் பெயர் மதார் சாகிப். இராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்து 'மதார் கம்ப்யூட்டர்ஸ்' என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்து, பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்புகிற தொழில். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் 'ஒளியச்சு: மதார் கம்ப்யூட்டர்ஸ்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் உயிர் வாழ்கிறேன். அச்சான பத்திரிகை எவன் கையில் இருந்தாலும் வாங்கி, மாப்பிள்ளை பெயரைக்கூடப் பார்க்காமல் நேரே அடிவரிக்குப் போய்விடுவேன்.

வேலையை நானும் என் மனைவி நூர்பானுவும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டோம். பார்ட்டியிடம் பேசுவது, டைப் அடிப்பது, பிழை திருத்துவது, பக்கம் அமைப்பது, பிரிண்ட் எடுப்பது, இவ்வளவும் அவள் பாதி. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க எடுக்கிற ப்ரூப்பில் கையெழுத்துப் போடுவது என் பாதி. கையெழுத்து என்றால் சும்மா இல்லை. 'மதார் சாகிப், உரிமையாளர்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். ப்ரூப்பைப் படிப்பதெல்லாம் கிடையாது. படிப்பது அவள் பாதியில் வருகிறது.

இந்தக் கையெழுத்துக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று சுவரில் ஒரு அட்டையும் மாட்டியிருந்தேன். 'உரிமையாளர் கையெழுத்திட்ட பின் ப்ரூப்பில் எந்தத் திருத்தமும் செய்யப்பட மாட்டாது. யார் சொன்னாலும் சரி.' கடைசி மூன்று வார்த்தைகள் என் சொந்தச் சரக்கு.

ஆவணி பிறந்தால் முகூர்த்தம். முகூர்த்தம் என்றால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும். நூர்பானு ஒரு பட்டனை அமுக்குவாள். மெஷின் முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கென்று மினுக்கும், உள்ளே கரகரவென்று சத்தம் வரும், திரையில் ஒன்றும் நடக்காது. அவள் எழுந்து போய் வெங்காயம் நறுக்கி, தாளித்து, குழம்பு கூட்டி வைத்துவிட்டு வருவாள். அப்போதுதான் ஒரு எழுத்து வந்து உட்காரும்.

"ஏங்க, இதுக்கு மெமரி பத்தல. ஒரு மெமரி வாங்கிப் போடுங்களேன்" என்றாள்.

பொம்பளை சொல்லி மெமரி வாங்குவதா? நான் மதுரையில் வாங்கிவந்த கம்ப்யூட்டர் பத்திரிகையை விரித்தேன். மடித்து வைத்திருந்த பக்கத்தைத் தட்டிக் காட்டினேன்.

"மெமரி வேண்டாம் நூரு. ஸ்வாப் பார்ட்டிஷன் போடப் போறேன்."

"அது என்னது?"

"மெமரி நெறஞ்சு போச்சுன்னா, மெஷின் கையில இருக்கறதக் கொஞ்சம் ஹார்ட் டிஸ்க்குல எறக்கி வச்சிக்கிடும். வேணுங்கும்போது திரும்ப எடுத்துக்கிடும். அதுதான் ஸ்வாப். இப்ப அதுக்குன்னு தனி எடம் இல்ல. எல்லாச் சாமானும் கெடக்குற எடத்துலயே எறக்கி வைக்கு, தேடித் தேடி எடுக்கு. அதான் இம்புட்டு லேட். டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சு, டி டிரைவுன்னு ஒண்ண ஸ்வாப்புக்கு மட்டும் ஒதுக்கிட்டா குதிர மாதிரி ஓடும்."

பக்கத்து எஸ்.டி.டி. பூத் தனுஷ்கோடி அண்ணாச்சி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பாய் படிச்ச மனுசன்" என்றார்.

நூர்பானு யோசித்தாள். அவள் யோசிப்பது எனக்குப் பிடிக்காது.

"அப்ப மேசை சின்னதா இருக்கு. சாமானக் கட்டில்ல எறக்கி வைக்கோம். அதான?"

"அதேதான்!"

"மேசையப் பெருசாக்காம, கட்டிலுக்குத் தனி ரூம் கட்டப் போறேங்கறீய."

தனுஷ்கோடி சிரித்தார். யார் பக்கம் சேர்ந்து சிரித்தார் என்று தெரியவில்லை.

"உனக்கு என்ன தெரியும்?" என்றேன். பதில் இல்லாதபோது நான் கேட்கும் கேள்வி இது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கேன். பத்திரிகைக்குள்ள இருக்க அம்புட்டு எழுத்தும் நான் அடிக்கேன். அடியில என் பேரப் போட்டா என்ன?"

ஆறு வருஷமாக இதே கேள்வி. ஆறு வருஷமாக நான் தும்மல் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்குத் தனுஷ்கோடி இருந்ததால் தும்ம முடியவில்லை.

"சரி, இப்படி வச்சிக்கிடுவோம்" என்றாள். "யாரு இந்த மெஷின வேகமா ஓட வைக்காகளோ, அவுக பேரு அடியில. அண்ணாச்சி சாட்சி."

"ஒத்துக்கிட்டேன்!" என்றேன். டி டிரைவ் என் கையில் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தபோது மச்சான் சேக் முகைதீன் வந்திருந்தான். நூர்பானுவின் தம்பி. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபில் வேலை. மெஷின் மூடி கழன்று கிடந்தது.

"என்னலே பண்ணுற?"

"தூசி மச்சான். ஊதி விட்டேன்" என்று மூடியைப் போட்டான். டீயைக் குடித்தான், போய்விட்டான்.

சனிக்கிழமை காலை நூர்பானு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினாள். அவள் அக்கா சம்சாத் பேகம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டு நாள் வேலை. கையில் ஒரு பெரிய பால்கோவா டின்.

நான் சிரித்துவிட்டேன். "ஊரே அங்க போயி பால்கோவா வாங்குது. நீ இங்கருந்து கொண்டு போறியா?"

"காலி டின்னுங்க. வரும்போது வாங்கிட்டு வரத்தான்."

காலி டின் தடதடவென்று ஆடியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரிய திட்டம் உள்ளவன் டின்னையெல்லாம் கவனிப்பானா?

வாசலில் நின்று திரும்பினாள். "மெஷின்ல கைய வைக்காதீய." தெருவில் இறங்கி மறுபடி திரும்பினாள். "ஒண்ணும் பண்ணிராதீய." பஸ் ஸ்டாண்ட் முனையில் நின்று மூன்றாவது தடவை விரலை ஆட்டினாள். அவள் ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட நான் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன்.

பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டதும் மெஷினைப் போட்டேன். முதலில் கறுப்புத் திரையில் மெமரியை எண்ணும் அல்லவா, அது அன்றைக்கு எண்ணிக்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. 'பாவம், எண்ணுவதற்கே இத்தனை நேரம் ஆகிறது, பொறு, இன்னும் செத்த நேரத்தில் உனக்கு விடிவுகாலம்' என்று அதைத் தட்டிக்கொடுத்தேன்.

டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். முதலில் பிளாப்பியில் நகல் எடுக்க வேண்டும். வீட்டில் தேடினேன். எப்போதும் இழுப்பறை நிறைய இருக்கும் பிளாப்பி அன்றைக்கு இரண்டுதான் இருந்தது. இரண்டில் எதை வைப்பது? எனக்கு நானே அடித்துவைத்த விசிட்டிங் கார்டு மாதிரிகள் பதினாறு இருந்தன. அவை முக்கியம். சீட்டு விளையாட்டில் நான் எடுத்த புள்ளிகள் இருந்தன. அவையும் முக்கியம். இரண்டு பிளாப்பியும் நிறைந்துவிட்டன.

மிச்சம் 'கல்யாணம்' என்ற போல்டர். நூர்பானுவுடையது. ஆறு வருஷத்துப் பழைய பத்திரிகைகள், முந்நூறுக்கு மேலே. கல்யாணம் முடிந்தவர்களுக்கு எதற்குப் பத்திரிகை? அதில் பாதிப் பேருக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. மீதிப் பேர் பத்திரிகை அடித்த நாளையே மறக்கப் பாடுபடுகிறார்கள்.

'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று மெஷின் கேட்டது. என் சம்மதத்தைக் கேட்கிற ஒரே ஜீவன். சந்தோஷமாக 'ஒய்' அடித்தேன்.

டிஸ்க்கைப் பிரித்து, எல்லாவற்றையும் சிடியிலிருந்து மறுபடி ஏற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. புதிதாகப் பிறந்த டி டிரைவுக்குப் பெரிய எழுத்தில் 'ஸ்வாப்' என்று பெயர் வைத்தேன். மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டேன்.

பறந்தது! பட்டனை அமுக்கும் முன்பே பக்கம் திறந்தது. தனுஷ்கோடியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"பாத்தியளா அண்ணாச்சி!"

"ஆமா பாய், கரகர சத்தத்தையே காணோம்!"

"ஸ்வாப்! எல்லாம் ஸ்வாப்!"

"அப்ப அடியில ஒங்க பேருதான்."

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். நான் நன்றாகத் தூங்கிய கடைசி நாள் அது.

ஞாயிறு காலை செட்டியார்பட்டி ஐயாதுரை முதலாளி வந்து இறங்கினார். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர். எங்களுடைய பெரிய பார்ட்டி.

"சின்னவளுக்கு நேத்து முடிவாச்சு பாய். பெரியவளுக்கு அடிச்ச அதே பத்திரிகைதான். பொண்ணு பேரு, மாப்பிள வீட்டுப் பேரு, தேதி, இம்புட்டத்தான் மாத்தணும். சொந்தக்காரவுக அறுபத்திநாலு பேரு, அதே பேரு, அதே வரிசை. ஒரு பேரு முன்னப் பின்ன ஆகப்படாது. போன தடவ அந்த வரிசைக்கு எங்க வீட்டுல மூணு வாரம் சண்ட நடந்துச்சு. நம்ம நூர்பானு தங்கச்சிதான் எல்லாரையும் உக்கார வச்சுப் பேசி முடிச்சு வச்சுது. நாளைக்கு ப்ரூப் வேணும்."

"பழைய பத்திரிகை ஒண்ணு கையில இருக்கா முதலாளி?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? அதான் ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்குல்லா!"

இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் இருந்தது.

முதலாளி வாசல்வரை போய்த் திரும்பினார். "யாருகிட்டயும் மூச்சு விட்ராதீய. நாளைக்குத்தான் தாம்பூலத்தோட போயி எங்க மச்சினனுக்கே சொல்லப் போறேன்." அவர் பெரிய எழுத்தில்தான் சொன்னார். என் காதில் பொடி எழுத்தில்தான் விழுந்தது. என் மனசு முழுக்க அறுபத்திநாலு பேர் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய பத்திரிகை யார் வீட்டில் இருக்கும்? தனுஷ்கோடிதான் சொன்னார், "அவுக மச்சினன் கண்ணுச்சாமி எல்லாத்தையும் பெட்டியில பூட்டி வைக்கிற ஆளு." டிவிஎஸ் பிப்டியை உதைத்தேன். செட்டியார்பட்டியில் கண்ணுச்சாமி பலசரக்குக் கடையில் உட்கார்ந்திருந்தார். நல்லபடியாகவே வரவேற்றார். பெட்டியைத் திறந்து பத்திரிகையைக் கையில் எடுத்துவிட்டார். நானும் கையை நீட்டிவிட்டேன்.

"இது இப்ப எதுக்கு பாய்?"

"சின்ன பொண்ணு கல்யாணத்துக்கு இதே மாதிரிதான் அடிக்கணும்."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"சின்னவளுக்குக் கல்யாணமா?"

அப்போதுதான் முதலாளி வாசலில் நின்று சொன்னது என் காதுக்குள் கேட்டது. கேட்டு என்ன பிரயோசனம்?

"தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். பத்திரிகை அடிக்க வந்த ஆளு எனக்குச் சேதி சொல்லுதீரு!" பத்திரிகை பெட்டிக்குள் போனது. பெட்டி பூட்டிக்கொண்டது. "நான் கல்யாணத்துக்கு வரல. என் பேரே பத்திரிகையில இருக்கப்படாதுன்னு போய்ச் சொல்லும்!"

அறுபத்திநாலு அறுபத்திமூன்றாகிவிட்டது. மீதியை நான் எங்கே போய்த் தேடுவது? திரும்பி வந்து கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அது மட்டும் ரொம்ப வேகமாக இருந்தது. இந்தத் தொழிலில் ஐயாதுரை ஒருவர் போனால் செட்டியார்பட்டியே போகும், செட்டியார்பட்டி போனால் கடையை மூட வேண்டியதுதான். அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழுதேன்.

ஐந்து மணிக்கு நூர்பானு டின்னோடு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினைத் தொட்டது, கல்யாணங்கள் போனது, கண்ணுச்சாமி பெட்டியைப் பூட்டியது. அவள் கத்தவில்லை. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நேரே பக்கத்துப் பூத்துக்குப் போய்க் கண்ணுச்சாமி கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, நான் நூர்பானு பேசுதேன். கோவப்படாதீய. தாய்மாமன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நான் ஒரு எழுத்து அடிக்க மாட்டேன்னு, நாந்தான் எங்க வீட்டு ஆள அனுப்பி வச்சேன். தாம்பூலம் ஊருக்கு வரும் அண்ணாச்சி, சேதி மொதல்ல ஒங்களுக்குத்தான் வரணும், இல்லியா? …ஆமா. …அவுகளுக்கு அதெல்லாம் பேசத் தெரியாது அண்ணாச்சி. …எப்பவுமே அப்படித்தான்."

அடுத்த போன் ஐயாதுரைக்கு. "முதலாளி, தாம்பூலத்த நாளைக்குன்னு வைக்காதீய. இப்பமே எடுத்துக்கிட்டு மச்சினரு வீட்டுக்குப் போங்க. காத்துக்கிட்டு இருக்காக."

மூன்று நிமிஷம். கண்ணுச்சாமி மறுபடி தாய்மாமன் ஆகிவிட்டார்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தாள். பால்கோவா இல்லை. நாற்பத்திரண்டு பிளாப்பி இருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும்.

"நீ… எப்ப…?"

"அந்தப் பக்கத்த மடிச்சு வச்சீயல்லா, அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். பண்ணாதீயன்னா பண்ணுவீயன்னு எனக்குத் தெரியாதா?"

உயிர் வந்தது. உயிரோடு கூடவே என் புத்தியும் வந்துவிட்டது.

"அது கெடக்கட்டும். வேகத்தப் பாத்தியா? ஸ்வாப்!"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினை அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் மெமரி எண்ணி முடித்து நின்ற இடத்தில் விரலை வைத்தாள். "பதினாறு எம்.பி. இருந்துச்சு. இப்ப நாப்பத்தெட்டு. வெள்ளிக்கிழம தம்பி தூசியா ஊதுனான்? மெமரி போட்டான்."

நான் திரையைப் பார்த்தேன். திரை என்னைப் பார்த்தது.

"சரி, அதுவும் கொஞ்சம் ஒதவி பண்ணியிருக்கும். ஆனா ஸ்வாப்…"

டி டிரைவைத் திறந்தாள். 'ஸ்வாப்' என்று பெரிய எழுத்தில் பெயர். உள்ளே ஒன்றுமே இல்லை.

"டி-ல எடம் ஒதுக்குனா மட்டும் போதுமாங்க? இனிமே அங்க எறக்கி வையின்னு மெஷினுக்குச் சொல்லணும்லா? நீங்க சொல்லவே இல்ல. அது பழையபடி சாமான் கெடக்குற சி டிரைவுலதான் எறக்கி வைக்கு. நேத்துல இருந்து இது, பேர மட்டும் வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கு."

டி டிரைவைத்தான் சொன்னாள் என்று நம்புகிறேன். சொல்லும்போது என்னைப் பார்த்ததுதான் கொஞ்சம் இடித்தது.

பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு முந்நூறு கல்யாணத்தையும் டி டிரைவிலேயே ஏற்றினாள். "எடம் நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று பாராட்டும் கிடைத்தது.

"அப்ப பந்தயம்?" என்றார் தனுஷ்கோடி. இந்த மனுஷனுக்கு வேறு வேலையே கிடையாது.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "மெமரி போட்டது சேக்கு. பிரிச்சது நான். நூரு ஒண்ணும் பண்ணல. அதனால பந்தயம் செல்லாது. பேரு அப்படியே இருக்கட்டும்."

"சரி, இருக்கட்டும்" என்றாள்.

ஆறு வருஷத்தில் அவள் ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அப்போதே ஊரை விட்டு ஓடியிருப்பான். நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அரைமணி நேரத்தில் ப்ரூப் தயார். அறுபத்திநாலு பேர், அதே வரிசை. நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க." தப்பித்த சந்தோஷத்தில் அன்றைக்குக் கோடு இரண்டுக்குப் பதில் மூன்று இழுத்தேன். புள்ளியும் ஒன்று கூட வைத்தேன்.

புதன்கிழமை அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கியது. ஒரு பத்திரிகையை உருவி, வழக்கம்போல் நேரே அடிவரிக்குப் போனேன்.

'ஒளியச்சு: நூர் கம்ப்யூட்டர்ஸ், இராஜபாளையம்.'

"நூரு! அச்சகத்துல தப்புப் பண்ணிட்டான்!"

"என்ன தப்பு?" என்று அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அடியில பேரு மாறிக் கெடக்கு!"

"ப்ரூப்ல இருந்தத அடிச்சிருக்காக."

"அப்ப ப்ரூப்பு தப்பு. இனிமே அடிக்கறதுலயாவது திருத்து!"

அவள் தாள் குத்தி வைக்கிற கம்பியிலிருந்து ப்ரூப்பை உருவி என் முன்னால் வைத்தாள். பிறகு கரண்டியால் சுவர் அட்டையைக் காட்டினாள்.

"யார் சொன்னாலும் சரி" என்று கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ப்ரூப்பை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மூன்று கோடு, மூன்று புள்ளி. கையெழுத்து என்னுடையதுதான்.